காது உயரத்தில் ஒரு பெட்டி

பேஸ் கிட்டாருக்கு ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, தேடி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் வாட்ஸைத்தான் கேட்பார்கள். நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். வாட்ஸ் கிடக்கட்டும், எங்கே வாசிக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். கல்யாண மண்டபம் என்றால் ஒரு பெட்டி, மாதா கோயில் திருவிழா என்றால் வேறு பெட்டி. பீச் ரோட்டுப் பக்கம் மொட்டைமாடி ஓட்டல் என்றால் இன்னும் வேறு, ஏனென்றால் அங்கே கனத்த சத்தத்தைத் திறந்தவெளி தின்றுவிடும். கடைக்குள் தனியாக வாசித்துப் பார்த்தால் எல்லாப் பெட்டியும் தங்கமாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு ஆள் டிரம்ஸ் அடிக்க உட்கார்ந்தால்தான் சாயம் வெளுக்கும்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கடை விரிக்கிறேனே என்று நினைக்காதீர்கள், டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் மேடையில் எந்த மாதிரி ஸ்பீக்கர் முன்னால், எவ்வளவு கிட்டத்தில் நின்றார் என்று கேட்டீர்கள். அது தெரிந்தால் காது மெஷினைச் சரியாக அமைக்கலாம் என்றீர்கள். நியாயமான கேள்வி. அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கதவைச் சாத்த வேண்டாம், நான் பேசுவது அவருக்குக் கேட்காது.

அவருக்கான பெட்டியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். தவளக்குப்பத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் பொம்பளை என்றால் ஆரம்பத்தில் கேலி செய்தார்கள். இப்போது மேடையில் எது எங்கே நிற்க வேண்டும் என்று சுடர்விழி சொன்னால் மறுபேச்சு கிடையாது. இனியவன் என் கடைக்கு ஆம்ப் வாடகைக்கு எடுக்க வந்தவர்தான். நல்லவாட்டுக்காரர், வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஆம்பைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் ஒரு துணியால் துடைத்துக் கொடுப்பார். அப்படி யாரும் செய்ததில்லை. அந்தத் துணியைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

அவருடைய கிட்டாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சாதாரண கிட்டாரின் கழுத்தில் குறுக்கே கம்பிக்கட்டுகள் இருக்கும். விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் கட்டு காப்பாற்றிவிடும். இவருடையதில் கட்டே கிடையாது. வழவழவென்று வெறும் மரம். விரல் எங்கே நிற்க வேண்டும் என்று காதுதான் சொல்ல வேண்டும். அதனால் அவர் வாசித்தால் கிட்டார் பேசுவதுபோல இருக்கும். காது போனால் அந்தக் கிட்டார் வெறும் விறகு. இது எனக்கு அப்போதே தெரியும்.

போன வருடம் ஒரு பிரெஞ்சுக்காரர் மொட்டைமாடி ஓட்டலில் இவர் வாசித்ததைக் கேட்டார். அவரும் இசைக்காரர், பாரிஸில் சொந்தக் குழு வைத்திருக்கிறார். கச்சேரி முடிந்ததும் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்த கோடையில் ஊர் ஊராகப் போகிறோம், நீயும் வா, அதற்கு முன் சில பாட்டுகளை வாசித்து அனுப்பு என்றார்.

அன்றைக்கு வண்டியில் சாமான் ஏற்றும்போதே இவர் ஆரம்பித்துவிட்டார். "சுடரு, ஆறு மாசந்தான். புடிச்சிருந்தா உன்னியும் கூப்பிட்டுக்கிறேன். இன்னா சொல்ற?"

"போய்ட்டு வாங்க, இன்னா இப்ப" என்றேன். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

எங்கள் ஊரில் பிரான்சுக்குப் போனவர்கள் இல்லாத தெரு இல்லை. என் அப்பாவும் போனார், ஓட்டல் சமையல் வேலைக்கு. அவரும் அம்மாவிடம் ஆறு மாசம் என்றுதான் சொன்னார். முதலில் போன் வந்தது, பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தது, பிறகு அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிற செய்தி வந்தது. அம்மா கடைசிவரை போன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் அப்படிப் படுக்கமாட்டேன் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்திருந்தேன்.

அதனால் இவருக்கு ஒரு சின்னத் தடங்கல் வந்தால் போதும் என்று நினைத்தேன். கையைக் காலை உடைக்கிற புத்தியெல்லாம் எனக்கு வராது. அவருக்கு வலிக்கக்கூடாது.

அதுவரை அவர் சின்னப் பெட்டி ஒன்றைத் தரையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அது தப்பு. மனிதனுக்குக் காது முழங்காலில் இல்லையே. தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வேறு இரண்டு பெட்டிகள் எடுத்துவந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். மேல்பெட்டியில் ஹார்ன் உண்டு, கூர்மையான சத்தத்தை மட்டும் துப்புகிற சின்ன வாய். காதைத் தின்பது அதுதான். கனத்த சத்தம் நெஞ்சை உலுக்கும், அதோடு சரி. அந்த ஹார்ன் சரியாக அவருடைய இடது காது உயரத்துக்கு வந்தது. மொட்டைமாடி மேடை சின்னது என்பதால் ஒரு கை தூரத்தில்தான் நிற்க முடியும். மறுபக்கம் டிரம்ஸின் தாளத்தட்டுகள், அவை வலது காதுக்கு.

வாசித்துப் பார்த்துவிட்டு அவர் என்னைக் கட்டிக்கொண்டார். "இப்பத்தான்டி எனுக்கு நானே கேக்குறேன்" என்றார்.

ஹார்ன் அளவைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். வாசிக்கிறவருக்குத் தெரியாது. கச்சேரிக்குக் கச்சேரி அதைக் கொஞ்சம் கூட்டினேன். ஒரேயடியாகக் கூட்டியிருந்தால் அவர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். எதையும் மெதுவாகச் செய்தால் மனிதர்கள் பழகிக்கொள்கிறார்கள். ஒத்திகைக்கும் அதே பெட்டியைத்தான் அனுப்பினேன்.

டிரம்ஸ் வாசிக்கிற அரிகிருஷ்ணன் நல்ல பிள்ளை. அவன்தான் முதலில் முகம் சுளித்தான். காதில் வைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் வாங்கிவந்து கொடுத்தான். "அண்ணி, அண்ணன இத வச்சிக்கச் சொல்லு. பொட்டி ரொம்பக் கத்துது" என்றான். நான் வாங்கிப் பத்திரமாக வைத்தேன். அதை வைத்தால் கட்டில்லாத கிட்டாரில் சுரம் தப்பும் என்று இவரிடம் சொன்னேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அதற்குப் பிறகு அவர் அதைத் தேடவில்லை.

கச்சேரி முடிந்து வந்தால் காதில் ஙொய் என்கிறது என்பார். நான் அவர் தலையை மடியில் வைத்து நெற்றியைப் பிடித்துவிடுவேன். ரெண்டு நாளில் போய்விடும் என்பேன். முதலில் அப்படித்தான் போனது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் படித்துத் தெரிந்துவைத்திருந்தேன். படித்துக்கொண்டே நெற்றியைப் பிடித்துவிட்ட நாட்களும் உண்டு. அவ்வளவு அன்பாக அவரை நான் வேறெப்போதும் பார்த்துக்கொண்டதில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும்.

பிறகு ஒருநாள் ஙொய் போகவில்லை. அதோடு இன்னொன்று வந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே சுரம் அவருக்கு இந்தக் காதில் ஒன்றாகவும் அந்தக் காதில் வேறாகவும் கேட்டது. சுரம் காட்டுகிற கருவி சரி என்றது, அவருடைய காது தப்பு என்றது. கிட்டாரைக் கழற்றி மாட்டினார். தந்திகளை மாற்றினார். எதற்கும் மசியவில்லை. "சுடரு, மரம் கோணிக்கிச்சா பாரேன்" என்று என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பார்த்தேன். கொஞ்சம் கோணல் மாதிரித்தான் இருக்கிறது என்றேன்.

அந்தக் கிட்டாரிலேயே வாசித்துப் பாரிஸுக்கு அனுப்பினார். பிரெஞ்சுக்காரர் மரியாதையாகத்தான் பதில் எழுதினார். சுரம் நிற்கவில்லை, ஓய்வெடு, இந்தக் கோடை வேண்டாம் என்று. இவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் அழுகையும் பொய்யில்லை. பத்து நிமிடம் பொறுத்து எழுந்து இருவருக்கும் தோசை ஊற்றினேன்.

மறுநாளே அந்தக் குமிழைக் குறைத்துவிட்டேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு பொட்டுகூட நான் ஆசைப்படவில்லை. ஆனால் அவருக்குக் கூர்மையான சத்தமே எட்டவில்லை. பெட்டி மூடிப்போச்சு, தெறந்து வையி என்று அவரே கேட்டார். கேட்டால் எப்படி மறுப்பது? மறுத்தால் ஏன் என்று கேட்பாரே. மறுபடி கூட்டினேன். ஆகையால் பாதிக்கு மேல் அவராகக் கேட்டு வாங்கியது.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த கோட்டுப்படத்தைக் காட்டி நீங்கள் போன முறை விளக்கினீர்கள். கனத்த சத்தமெல்லாம் அப்படியே இருக்கிறது, கூர்மையான சத்தம் இருக்கிற பக்கம்தான் மலைச்சரிவாக இறங்கிவிட்டது என்று. ஆண்குரல் ஓரளவு பிடிபடும், பெண்கள் பேசுவது சொல்லாகச் சேராது என்று. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, டாக்டரம்மா. வீட்டில் தெரிந்துகொண்டேன். அரிகிருஷ்ணன் தெருவில் நின்று பேசினால் இவர் பதில் சொல்வார். நான் பக்கத்தில் நின்று சாப்பிடக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழுவை விட்டார், கிட்டாரைப் பரணில் போட்டார். அதெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். அவர் என் வாயையே பார்த்துப் பார்த்துக் களைத்துப்போய் கண்ணை மூடிக்கொள்வார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மாசிமகம் கழிந்ததும் அவர் நல்லவாட்டுக்குப் போய்விட்டார், அண்ணன் நாராயணசாமியின் படகுக்கு. சண்டை ஒன்றும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னார். "அங்க எல்லாம் ஆம்பள கொரலு, இஞ்சின் சத்தத்துல கத்தித்தான் பேசுவாங்க. எனுக்குப் புரியுது. உன் பேச்சுதான் சுடரு புரிய மாட்டேங்குது. நீ பேசறப்ப எனுக்குப் பைத்தியம் புடிக்கற மாதிரி இருக்குது."

இருங்க என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. நல்லவாடு என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். பாரிஸ்கூட இவ்வளவு தொலைவாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அங்கிருந்து போனிலாவது பேசியிருப்பார். மெஷின் வைக்கலாம் என்று தாளில் எழுதிக் காட்டித்தான் இன்றைக்கு அவரை இங்கே அழைத்துவந்தேன்.

இவ்வளவையும் நான் மறைத்திருக்கலாம். மேடைச் சத்தம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருந்தால் நீங்களும் எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள். ஆனால் மெஷின் சரியாக அமைய வேண்டும். என் தப்புக்கு நானே பொறுப்பு, நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். இனி அவர் விஷயத்தில் எதையும் மறைத்துச் செய்வதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். மெஷின் வைத்தால் என் குரல் திரும்பவும் அவருக்குச் சொல்லாகச் சேரும் என்று நீங்கள் சொன்னபோது, இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுதது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழக்கினால் கிட்டார்கூட வாசிக்கலாம் என்றும் சொன்னீர்கள். அவரிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை. அந்தப் பிரெஞ்சுக்காரர் போன வாரம் மறுபடி அவரை விசாரித்து எழுதியிருக்கிறார்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். மெஷினில் பேச்சுக்கு ஒரு அமைப்பு, பாட்டுக்கு ஒரு அமைப்பு என்று தனித்தனியாக உண்டு என்றீர்கள். பேச்சுக்கானது மட்டும் போதும், பாட்டுக்கானதை எடுத்துவிடுங்கள். அவர் கேட்டால், இந்த மெஷினில் அது கிடையாது என்று நானே சொல்லிக்கொள்கிறேன். என் குரல்தான் அவருக்குக் கேட்குமே, நான் சொன்னால் நம்புவார்.