அப்பா குடிக்க வேண்டிய கதை

சுங்கை பெசாரிலிருந்து கோல சிலாங்கூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இளம்பெண்கள் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவள் கைப்பேசியை மடியில் போட்டுவிட்டுச் சத்தமாகவே சொன்னாள்:

“எங்கப்பா குடிக்கலன்னா கதையே இல்லையாம்!”

“யாருடி சொன்னது?”

“குறும்படப் போட்டி ஜட்ஜுதான், இப்பதான் மெசேஜ் போட்டிருக்காரு. அப்பா செம்பனைக் குலை ஏத்துற லோரியிலயே என்னைய யூனிவர்சிட்டிக்குக் கொண்டுபோய் விட்டாருல்ல, அந்தக் கதையத்தான் அனுப்பியிருந்தேன். அதுல சண்டையே இல்லையாம். எஸ்டேட்டு கதைன்னா அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிக்கணுமாம். அப்பதான் ஜனங்க நம்புவாங்களாம்.”

“அவரு எஸ்டேட்டு பக்கம் வந்திருக்காரா?”

“படத்துல பாத்திருப்பாரு!”

தஞ்சோங் காராங் தாண்டும்வரை அவள் அந்த ஜட்ஜைத் திட்டித் தீர்த்தாள். பிறகு பக்கத்திலிருந்தவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

“கோவப்படாதலா. மாத்திக் குடுத்தா எடுத்துக்கிறேன்னு சொல்றாருல்ல? ஒரே ஒரு சீன்தான். நாந்தானே கேமரா, சட்டுனு முடிச்சிரலாம்.”

“அப்பாவா யாரு நடிக்கிறா?”

“உங்கப்பாதான்.”

“அம்மாவா?”

மற்றவள் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். ஜன்னலோரத்தவள் விடவில்லை:

“ரெண்டு பேரும் நடிக்க வீட்டுல ரெடியா இருக்காங்க. அப்பா லோரியக்கூட கழுவி வச்சிட்டாரு. எங்கம்மாவ அடிக்க அவருக்குத் தெரியாது. நீ வா, வந்து எப்படி அடிக்கணும்னு சொல்லிக் குடு.”