எப்ப கிளம்புறீங்க?

மிட்சுயோ: மூணு தட்டா? நாம ரெண்டு பேர்தானே?

கசுஷிகே: மூணும் எனக்கு. உனக்கு எத்தனைன்னு சொல்லு. இங்க ஒரு தடவைதான் ஆர்டர். அப்புறம் கேட்டா தர மாட்டாங்க.

மிட்சுயோ: எனக்கு ஒரு தட்டு போதும். கொஞ்சம் சோறும் சொல்லுங்க.

கசுஷிகே: சோறு கிடையாது.

மிட்சுயோ: பீர்?

கசுஷிகே: அதுவும் கிடையாது. கறி வெச்ச கொழுக்கட்டை, கியோசா மட்டும்தான். கல்லுல வாட்டினது, இல்லன்னா தண்ணியில வேகவெச்சது.

மிட்சுயோ: இதுக்கா வெளியில அவ்வளவு நீள வரிசை?

கசுஷிகே: மெதுவாப் பேசு... உட்சுனோமியாக்காரங்க காதுல விழுந்தா துரத்திடுவாங்க.

மிட்சுயோ: மூணு வருஷத்துல நீங்களே இந்த ஊர்க்காரரா ஆயிட்டீங்க.

கசுஷிகே: கம்பெனி அனுப்பிச்சுது. நானா வந்தேன்?

மிட்சுயோ: ம்... எப்பவும் இங்க தனியாத்தான் வருவீங்களா?

கசுஷிகே: வேற யார் கூட வர்றது?

மிட்சுயோ: சும்மா கேட்டேன்.

கடைக்காரம்மா: அட, ஷிமோதா சாரா! வழக்கமான மூணு தட்டுதானே? இவங்க...

கசுஷிகே: என் சம்சாரம். கனசாவாலேர்ந்து வந்திருக்கா. அவளுக்கு வாட்டினது ஒண்ணு.

கடைக்காரம்மா: கூட்டிட்டுப் போக வந்தீங்களாம்மா? ஊருக்கே மாத்திட்டாங்கன்னு மார்ச்லயே எங்க எல்லார்கிட்டயும் சொன்னாரே...

கசுஷிகே: அது... கொஞ்சம் தள்ளிப்போச்சுங்க.

கடைக்காரம்மா: அப்படியா! இருங்க, இதோ எடுத்துட்டு வந்துடறேன்.

மிட்சுயோ: மார்ச்லயா?

கசுஷிகே: சோயா ஊத்தாதே. இங்க வினிகர்தான். மேல கொஞ்சம் மிளகா எண்ணெய்...

மிட்சுயோ: வினிகர் கிடக்கட்டும். இது ஜூன் மாசம். மாத்தினாங்களா, இல்லையா?

கசுஷிகே: மாத்தினாங்க.

மிட்சுயோ: அப்புறம்?

கசுஷிகே: நான்தான் வேண்டாம்னேன். இங்கேயே இருக்கேன்னு சொல்லிட்டேன்.

மிட்சுயோ: ஏன்?

கசுஷிகே: தட்டு வந்துடுச்சு பாரு. மெதுவாக் கடி, சாறு தெறிக்கும்.

மிட்சுயோ: ஏங்க?

கசுஷிகே: நான் வீட்டுக்கு வந்தா... ஷூவைக் கழட்டுறதுக்குள்ள ‘எப்ப கிளம்புறீங்க?’ன்னு கேப்பே.

மிட்சுயோ: அதுக்கா?

கசுஷிகே: ஒவ்வொரு தடவையும் கேட்டே. சரி, நான் இல்லாமலே நல்லாத்தான் இருக்கா போலன்னு...

மிட்சுயோ: ஐயோ, மீன் வாங்கறதுக்குங்க! எத்தனை வேளைக்கு வாங்கணும்னு தெரிய வேண்டாமா? மீந்துட்டா ஒருத்தி உக்காந்து எவ்வளவு தின்னுவா?

கசுஷிகே: மீனுக்கா?

மிட்சுயோ: மீனுக்குத்தான்.

கசுஷிகே: அதைச் சொல்லியிருக்கலாம்ல?

மிட்சுயோ: நீங்க கேட்டிருக்கலாம்ல?

கசுஷிகே: சிரிக்காதே. மனுஷன் இங்க தனியா...

மிட்சுயோ: யார் சிரிச்சா? மிளகா எண்ணெய் கண்ணுல பட்டுடுச்சு.

கசுஷிகே: இந்தா, துடைச்சுக்கோ... நீ எதுக்குத் திடீர்னு வந்தே? இத்தனை நாளா எட்டிக்கூடப் பார்க்கல.

மிட்சுயோ: கியோசா சாப்பிட.

கசுஷிகே: நிஜமாச் சொல்லு.

மிட்சுயோ: எதிர்வீட்டு இவாசேவும் உங்களை மாதிரித்தான் வெளியூர்ல இருந்தார். அவர் மார்ச்ல திரும்பி வந்துட்டார். நீங்க வரல. இங்க வேற ஒருத்தி இருக்காளோன்னு... பார்க்கத்தான் வந்தேன்.

கசுஷிகே: என்னது!

மிட்சுயோ: காலைல நீங்க குளிக்கப் போனதும் அலமாரியெல்லாம் திறந்து பார்த்தேன்.

கசுஷிகே: என்ன கிடைச்சுது?

மிட்சுயோ: கப் நூடுல்ஸ். அலமாரி நிறைய.

கசுஷிகே: ஆறிப்போகுது, சாப்பிடு.

மிட்சுயோ: இங்க பாருங்க. நாளைக்கே ஆபீஸ்ல கேளுங்க. வீட்டுக்கு அனுப்புங்கன்னு கேளுங்க. வேண்டாம்னு சொன்ன வாய்தானே... போய்த் தலையைக் குனிஞ்சு கேட்டா ஒண்ணும் குறைஞ்சுடாது.

கசுஷிகே: நாளைக்குக் கேக்க முடியாது.

மிட்சுயோ: இன்னுமா வீம்பு?

கசுஷிகே: வர்றேன்னு நீ போன் பண்ணினே பாரு... மறுநாள் காலைலயே கேட்டுட்டேன். அக்டோபர்ல அனுப்புறாங்க. நீயாக் கூப்பிடுவியான்னு பார்த்துட்டு இருந்தேன்.