அமுக்கி மூடு

லேப்டாப் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் திரையைப் பார்த்துத்தான் மயங்குவார்கள். நான் பேட்டரியைத்தான் முதலில் பார்ப்பேன். இத்தனை வருடக் கடை அனுபவத்தில் கண்டது அது. மற்றதெல்லாம் பழுதானால் வேலை நிற்கும், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தபோது, கட்டிலில் படுத்திருந்த தம்பியின் முன்னால் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "இதே தொழில்ல இருக்கற உங்களுக்கு, பேட்டரி வீங்கினது தெரியாமலா போச்சு?" பேச்சில் தடுமாறுவேன், எழுத உட்கார்ந்தால் கோர்வையாக வரும். அதனால் எழுதுகிறேன். தெரியும் ஐயா. எனக்குத் தெரியும்.

அப்பாவும் அம்மாவும் போனபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அவனுக்குத் தலைவாரிவிட்டதிலிருந்து கல்லூரியில் சேர்த்தது வரை எல்லாம் நான். எனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை; அது குறையாகவும் தெரியவில்லை. கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரைகிற வேலை அவனுக்கு. வீட்டிலிருந்தே செய்தான். பழைய லேப்டாப் அந்த வேலையின் கனம் தாங்காமல் திணறியது.

"அண்ணா, உனக்குத் தெரியாததா? நல்லதா ஒண்ணு நீயே பாத்துச் சொல்லு. ஆனா எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கணும்" என்றான்.

அவன் எங்கே தூக்கிக்கொண்டு போகப்போகிறான் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் எழுத அனுமதியுங்கள். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் இருவரும் ஒரே மேசையில் தோளோடு தோள் இடிக்க உட்காருவோம். எந்த பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனியாக எவ்வளவு நினைவகம், வண்ணம் மாறாத திரை எது என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்தோம். நான் எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"என்னண்ணா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கற?"

"பொண்ணு பாத்திருந்தா இவ்வளவு பாத்திருக்க மாட்டேன்டா."

"அதான் இன்னும் தனியா கெடக்கற" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

மெஷின் வந்தது. அத்தோடு அந்த மேசைப் பேச்சும் நின்றது. வெளிச்சத்தம் காதில் விழாத ஹெட்போன் ஒன்றை அவனுக்கு நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நல்ல பொருள். அடுத்த அறையில் யார் யாரிடமோ பேசிச் சிரிப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காது. தட்டை மூடிவைத்துவிட்டு, இருவருக்குப் போட்ட நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து நான் தனியாகச் சாப்பிடுவேன்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் வந்த அன்றே, மெமரியைக் கூட்டித் தருகிறேன் என்று அடிப்பலகையைக் கழற்றியது நான். அப்போது புது பேட்டரியை எடுத்துவிட்டு, அதே வகை மெஷினிலிருந்து ஒருவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பழையதை வைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை. ஒயரைப் பிடுங்கினால் ஒரு டீ குடிப்பதற்குள் அணைந்துவிடும் மெஷினை யாரும் வெளியே தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"சார்ஜே நிக்க மாட்டேங்குதுண்ணா."

"பெரிய மெஷின் அப்படித்தான்டா கரண்ட்டைக் குடிக்கும். மேசையிலயே வெச்சு வேலை பாரு."

அதற்கு ஏற்றமாதிரி மற்றதை வாங்கினேன். எல்லா ஒயரும் ஒரே இடத்தில் சேரும் டாக், பெரிய திரைகள், முதுகுக்கு இதமான நாற்காலி. நாளெல்லாம் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளில், டச்பேட் அழுத்தினால் அமுங்கவில்லை என்றான். பேட்டரி வீங்கி அடியிலிருந்து முட்டினால் அப்படித்தான் ஆகும். கடையில் அந்தக் குறையோடு யாராவது வந்தால் மெஷினைக் கையில் வாங்கியவுடன் அணைத்துவிடுவேன். தம்பிக்கு ஒரு நல்ல மவுஸ் வாங்கிக் கொடுத்தேன். விசைப்பலகை லேசாக மேடு தட்டியபோது தனி விசைப்பலகை. சூடாகிறது என்றபோது அடியில் விசிறி வைத்த தாங்கி. அவன் அந்த மெஷினைத் தொடவேண்டிய தேவையே இல்லாமல் செய்தேன். "எங்கண்ணன் மாதிரி யாரும் பாத்துப் பாத்துச் செய்ய மாட்டாங்க" என்று ஹெட்போனில் யாரிடமோ சொன்னான். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு அந்த வேலை வந்தது. வெளிநாட்டில் நிரந்தர உத்தியோகம், உடனே கிளம்பவேண்டும்.

"போய்க் காலூன்றிட்டு உன்னையும் கூட்டிக்கறேண்ணா."

"கடைய யாருடா பாத்துக்குவாங்க?"

"கடையவே கட்டிட்டு அழு" என்று தோளில் தட்டினான். விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் போன பிறகு இந்த வீட்டில் என்ன சத்தம் இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். குளிர்பெட்டியின் சத்தம் மட்டும்தான்.

அவனுக்காக நான் கடைசியாகத் தேர்ந்தெடுத்தது ஒரு பை. மெஷினின் அளவுக்கு அச்செடுத்தாற்போன்ற, நல்ல தடிமனான பை. வீங்கிய மெஷின் அதற்குள் போகாது. வழியில் தேவைப்படும், முழுக்க சார்ஜ் போட்டு வை என்று சொன்னேன். கடையிலிருந்த மணல் வாளியை அவன் கிளம்புவதற்கு முந்தைய மாலையே கொண்டுவந்து அவன் அறை வாசலில் வைத்தேன். வீட்டில் தீ பிடித்துக்கொள்ளக் கூடாது அல்லவா?

காலையில் அவன் குரல் கேட்டது. "அண்ணா, மூடி சரியா மூடல. பைக்குள்ளயும் போகமாட்டேங்குது."

என் கடைச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீங்கிய பேட்டரியை அமுக்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும்.

"ரெண்டு கையும் வெச்சு நல்லா அமுக்கி மூடுடா. ஒண்ணும் ஆகாது" என்றேன். சொல்லிவிட்டு வாளியைக் கையில் எடுத்தேன்.

அவன் சாகவேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. கைகள் மட்டும்தான். அதுவும் இவ்வளவுக்கு இல்லை. விரல்கள் இனி தனித்தனியாகப் பிரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அப்படியும் அவன் உங்களிடம், "நான்தான் சார் மடத்தனமா அமுக்கிட்டேன்" என்றான். நான் சொன்னதை அவன் சொல்லவில்லை. அந்தப் பழியை அவன் சுமப்பது நியாயமில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இப்போது அவனுக்குப் புது மெஷின் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேச்சை எழுத்தாக்க நல்ல மைக், காலால் அழுத்துகிற பெடல். கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன், பழையபடி தோளோடு தோள் இடிக்க. இதைப் படித்ததும் என்னை வரச்சொல்வீர்கள். மதியம் அவனுக்கு ஊட்டிவிட்டுத்தான் வரமுடியும். என்னைவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

நேற்று நீங்கள் கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அவன் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருக்கிறான். கரண்டியைக் கொண்டுபோனால் வாயைத் திறப்பதில்லை. சாப்பாட்டில் காரம் கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன்.