ஒட்டுத் தெரியாத நூல்

இந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களும் வீட்டுக்குள் வந்ததும் அதைத்தான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். போட்டுக்கொள்வதற்கு இல்லை, பின்னுவதற்குத்தான். பின்னி முடித்ததைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன்.

மந்தின் டவுனில் பழைய துணி விற்கும் பண்டல் கடைக்கு ஜப்பான்காரர்கள் போட்டுக் கழித்த ஸ்வெட்டர்கள் வரும். சுத்தக் கம்பளியாகப் பொறுக்கி வாங்கி, அலசி, பிரித்து நூலாக்குவேன். பின்னல் பத்திரிகைகள் பழைய பேப்பர் கடையில் கிடைக்கும். துரை பங்களாவைக் காலி செய்தபோது வெளியே எறிந்த பழைய பின்னல் புத்தகங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. கை கழுவிவிட்டு அதில் ஒன்றைத் திறந்து மோந்து பார்க்கும் சுகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. என் வீட்டுக்காரர் ஹரோல்ட் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், பகலில் இருக்கமாட்டார். எஸ்டேட் வீடுதான், ஆனால் தரையில் ஒரு முடி கிடக்காது.

அவர் தங்கை ரேச்சல் பக்கவாதத்தில் விழுந்ததும் இங்கே கொண்டுவந்தார். கல்யாணம் ஆகாதவள், வேறு யார் பார்ப்பார்கள்? நான் மறுக்கவில்லை. கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி புனிதா ஒரு டின் மாவு கொடுத்தாள்.

“எது குடுத்தாலும் இந்த மாவப் போட்டுக் கெட்டியாக்கிக் குடுங்கக்கா. தண்ணியா போனா நுரையீரலுக்குள்ள எறங்கிடும். உயிருக்கே ஆபத்துலா.”

எனக்கு நன்றாகவே புரிந்தது.

ரேச்சலின் வாய் ஒரு பக்கமாகத் தொங்கும். எச்சில் நாள் முழுக்க ஒழுகும். கஞ்சி தாடையில் காய்ந்து பொருக்குத் தட்டும். துடைப்பேன், குளிப்பாட்டுவேன், அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. தனியாக இருந்தால் அழுகிறாள் என்று என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். அவளுக்குப் பத்திரிகைப் படங்கள் பிடிக்கும். விரலை வாயில் தொட்டுத் தொட்டுப் புரட்டுவாள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது ஒரு குழந்தைத் தொப்பியின் படம் பாதி கிழிந்து வந்தது. அதைக் கிள்ளி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவினேன்.

பிரித்த நூல் துண்டு துண்டாகத்தான் வரும், சார். முடிச்சுப் போட்டால் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் இரண்டு முனைகளையும் எச்சிலில் நனைத்து உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்ப்போம். அந்தச் சூட்டில் இரண்டும் ஒன்றாகிவிடும். கம்பளி பின்னுகிறவர்கள் செய்வதுதான். நானும் செய்வேன். என் எச்சில், என் நூல்.

ஒருநாள் வெள்ளை ஸ்வெட்டர் ஒன்றின் முதுகுப் பாகத்தை முடித்துவிட்டு நிமிர்ந்தேன். ரேச்சல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, நீங்க சமைக்கப் போனப்ப நூலு அறுந்து கெடந்துச்சு. நான் ஒட்டி வச்சேன். ஒரு கையாலயே, தொடையில வச்சு உருட்டி. நீங்க செய்ற மாதிரிதான்லா.”

“எந்த இடத்துல?”

“தெரியலல்ல?” என்று சிரித்தாள். சிரிக்கும்போதும் ஒழுகியது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரிசையாகத் தடவினேன். அகப்படவில்லை. அவள் வாயில் ஊறியது எங்கேயோ உள்ளே இருந்தது, நான் அதை என் விரல்களாலேயே பின்னியிருந்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தேன். அவள் வழக்கம்போலக் கோப்பி கேட்டாள்.

“கூழு மாதிரி வேணாம் அண்ணி. ஒரு வாய், நல்ல கோப்பி.”

அன்று நான் மாவு கலக்கவில்லை. குடித்தாள், இருமினாள், கண்ணில் தண்ணீர் வந்தது. நல்லா இருக்கு அண்ணி என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் கொடுத்தேன். பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “பெத்த புள்ளைகூட இப்படிப் பாக்காதுலா” என்றாள். ரேச்சலுக்குக் காய்ச்சல் வந்தது. பருவம் சரியில்லை என்று ஹரோல்டிடம் சொன்னேன். புனிதா கொடுத்திருந்த புது டின்னை நான் திறக்கவே இல்லை. சாவு வீட்டுக்கு வந்த புனிதா அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருப்பாள்.

கடைசி நாள் கோப்பி அவள் மூச்சை அடைத்துக்கொண்டது. நல்ல கையை என் பக்கம் நீட்டினாள். நான் வரிசையின் நடுவில் இருந்தேன். நடுவில் கீழே வைத்தால் ஊசியிலிருந்து கண்ணி நழுவும், பின்னுகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த வரிசையை முடித்தேன். அவள் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அதனால் அடுத்த வரிசையைத் தொடங்கினேன்.

தெரிந்துதான் செய்தேன், சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் கேட்டதைத்தான் கொடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த வெள்ளை ஸ்வெட்டரை அவளுக்கே போட்டு அடக்கம் செய்யலாம் என்றார் ஹரோல்ட். நல்ல நூலை மண்ணுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கல்லறையிலிருந்து திரும்பியதும் பிரிக்க உட்கார்ந்தேன், அவள் ஒட்டிய துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிடலாம் என்று. முழுவதும் பிரித்தாகிவிட்டது. இன்னும் அகப்படவில்லை. அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறாள்.

இதோ, இந்த உருண்டைதான். கையைக் கழுவிவிட்டு நீங்கள் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அந்த ஓரிடம் மட்டும்தான், சார். மற்றதெல்லாம் சுத்தம்.