காய்ந்த மூடி, பச்சை ஜாடி

உங்கள் மேசையின் இடது முன்கால் கொஞ்சம் குட்டை, சார். நீங்கள் எழுதும்போதெல்லாம் ஆடுகிறது. ஒரு அட்டையை மடித்துச் சொருகினால் சரியாகிவிடும். தப்பாக நினைக்காதீர்கள், தொழில்புத்தி. இருபத்திரண்டு வருஷமாகக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டில் கால், படிக்கட்டுக் கம்பம் எல்லாம் கடைவேன். ஆனால் ஆசை ஆசையாகச் செய்வது மூடி போட்ட மர ஜாடிதான்.

ஜாடியில் பாடாய்ப் படுத்துவது மூடிதான். வயிறு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். மூடியின் கழுத்து ஜாடியின் வாய்க்குள் இறங்குகிற இடம் இருக்கிறதே, அங்கே மயிரிழை கூடினால் இறங்காது, குறைந்தால் ஆடும்.

கல்யாணமான புதிதில் என் மாமனாருக்கு ஒரு ஜாடி கொடுத்தேன். மூடி துளி ஆடியது. ஒத்துக்கொள்கிறேன், கை பழகாத வயது. மனிதர் அதை வரவேற்பறையில் வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் ஆட்டிக் காட்டுவார். லொடக் லொடக். "நம்ம மாப்பிள்ளை செஞ்சது. தாளம் போட வசதியா இருக்கு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது. உள்ளுக்குள் கூனிக் குறுகிப் போவேன். அதற்குப் பிறகு நான் செய்த ஜாடிகளில் ஒரு மூடிகூட ஆடியதில்லை. அதையெல்லாம் அவர் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. வலி வந்தால் உடனே நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அதைச் சட்டைப்பையிலும் தலையணைக்கடியிலும் கண்ட இடத்திலும் போட்டுவிட்டுத் தேடுவார். எனக்கு மனசு கேட்கவில்லை. புதிதாக ஒரு ஜாடி செய்துகொடுத்து, வீடு முழுக்கக் கிடந்த மாத்திரைகளை நானே பொறுக்கி அதில் போட்டு வைத்தேன்.

பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், சார். அதனால் ஜாடி, மூடி இரண்டையும் நன்றாகக் காய்ந்த ஒரே கட்டையில்தான் கடைய வேண்டும். இது தெரியாதவன் உளியைத் தொடவே கூடாது. நான் மூடியை, ஆறு வருஷம் பரணில் கிடந்த கட்டையில் கடைந்தேன். ஜாடியை, அந்த வாரம் வெட்டிய மரத்தில் கடைந்தேன். உளி பட்டதும் ஈரம் முகத்தில் தெறித்தது. மூடியும் வாயும் கச்சிதமாகப் பொருந்தின. கொடுத்த அன்று மாமா ஆட்டிப் பார்த்தார். "இதுவும் போகப் போக ஆடும்" என்றார்.

அதே பச்சை மரத்தில் ஒரு வளையம் கடைந்து பட்டறையில் வைத்திருந்தேன். திங்கட்கிழமைதோறும் அதன் வாயை அளப்பேன். மரம் என்னை ஏமாற்றவில்லை. மூன்றாம் மாதம் அவர் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, மூடி கொஞ்சம் இறுகுதே?"

"நல்ல மூடி அப்படித்தான் மாமா. சும்மா சும்மா திறக்காதீங்க, தேய்ஞ்சிடும்."

என் பேச்சை அவர் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஐந்தாம் மாதம், ஒரு சனிக்கிழமை பிற்பகல். மனைவியும் மாமியாரும் கடைக்குப் போயிருந்தார்கள். நான் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜாடியை எடுத்தார். திருகினார். முழங்கால்களுக்கு நடுவில் வைத்து இழுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜாடியின் வாய் மூடியை அப்படிக் கவ்வியிருந்தது, நகம் நுழைய இடமில்லை. திறக்க முயன்றேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

"ஆடவே மாட்டேங்குதே மாப்பிள்ளை" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

மனைவி மூன்று நாள் சாப்பிடவில்லை. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. யாரும் என்மேல் சந்தேகப்படவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க" என்று அவளே என்னைத் தேற்றினாள். உங்கள் ஆட்கள் ஜாடியைச் சுத்தியலால் உடைத்தபோது நெஞ்சு பதறியது, அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று விசாரணை அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் படித்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. 'செய்தவரின் கவனக்குறைவால் மூடி சரியாக அமையவில்லை' என்று இருந்தது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "அவர் அப்பவே சொன்னாரே" என்றார்.

அதனால்தான் நீங்கள் வருவதற்கு முன்பே வந்து வாசலில் நின்றேன். என்ன தண்டனையோ, சட்டப்படி கொடுங்கள். அந்த வரியை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள், சார். மூடி மிகச் சரியாக அமைந்தது. கவனக்குறைவு என்பதை அடித்துவிட்டு, கொலை என்று எழுதுங்கள்.