மூன்றாவது கால்பகுதியில் ஜோனாஸ் சொன்னது

அமெரிக்கன் ஃபுட்போலில் ரன்னிங் பேக்தான் முக்கியம், வைட் ரிசீவர் அல்ல என்று நான் இன்றைக்கும் சொல்வேன். ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரன்னிங் பேக் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, தடுக்க நிற்கிற தடித்த ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவன். ரிசீவர் ஓரத்தால் ஓடிப்போய், தூரத்திலிருந்து எறிகிற பந்தைப் பிடிக்கிறவன். பார்க்க அழகு இவன். அடி வாங்குகிறவன் அவன்.

என் பெயர் ரொஷான், வயது இருபத்துமூன்று, வீடு டென்மார்க்கில், பிராண்டேயில். முழங்கால் பழுதானதால் நான் விளையாடுவதில்லை. ஆனால் சில்க்போர்க் பக்கத்துச் சிறிய கழகமொன்றில் ஒவ்வொரு ஆட்டத்தையும் படம்பிடித்து, யார் எத்தனை யார்ட் முன்னேறினான் என்று பதிவது என் பொறுப்பு. எங்கள் ரன்னிங் பேக் ஜோனாஸ். மரினா சித்தியின் மகன், பத்தொன்பது வயது. ரிசீவர் நரேஷ், வேலைக்காக மதுரையிலிருந்து வந்த எஞ்சினியர். பயிற்சிக்கு மூவரும் என் காரில்தான் போவோம். வழி முழுக்க எனக்கும் நரேஷுக்கும் இதே சண்டைதான்.

“ரன்னிங் பேக்னா என்னடா? ஒருத்தன் விழுந்தா இன்னொருத்தன எறக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம். என்னை மாதிரி ஆளு கெடைக்க மாட்டான்” என்பான் நரேஷ்.

“மழைக்க ஒரு பந்து பிடிச்சுக் காட்டு, பிறகு கதை” என்பேன்.

“உங்காளு வருஷம் பூரா மூணு மூணு யார்டா தவழ்றான். அதுக்கு ஒரு வீடியோ வேற.”

ஜோனாஸ் பின்னால் இருந்து, சாப்பிட எங்கே நிற்பாட்டுவாய் என்று டெனிஷில் கேட்பான். அவன் எல்லாவற்றுக்கும் டெனிஷ்தான். தன்னோடு அவன் தமிழில் கதைத்து ஏழெட்டு வருடமாகிறது என்று சித்தி பலமுறை சொல்லிக் கவலைப்பட்டிருக்கிறார். எங்கள் தர்க்கத்தில் அவனுக்கு அக்கறையே இருந்ததில்லை. அதை நான் அவனுடைய குறையாக எடுத்துக்கொண்டேன்.

போன செப்டம்பரில் கோச் ஒன்று சொன்னார். கடைசி ஆட்டம் முடிந்ததும் என் பதிவுகளைப் பார்த்து, அடுத்த வருடம் ஓடி ஆடுவதா எறிந்து ஆடுவதா என்று முடிவெடுப்பாராம். எறிந்து ஆடினால் ஜோனாஸுக்கு மாற்று ஆட்டக்காரரோடு ஓரத்து வாங்கில் உட்காருவதுதான் வேலை. அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். எனக்குத்தான் இரண்டு இரவு நித்திரை இல்லை.

கடைசி ஆட்டத்தன்று நல்ல மழை. பந்து வழுக்கியது, நரேஷ் இரண்டு முறை தவறவிட்டான். முதல் பாதியிலேயே ஜோனாஸ் எழுபத்தொரு யார்ட். மூன்றாவது கால்பகுதியில் இரண்டு பேர் இரண்டு பக்கத்தாலும் ஒரே நேரத்தில் மோதினார்கள். ஹெல்மெட் நிலத்தில் அடித்த சத்தம் என் காணொளியில் இருக்கிறது. எழுந்தவன், எதிரணியின் வாங்கை நோக்கி நடந்தான். கூட்டிக்கொண்டு வந்தோம்.

தலையில் அடிபட்டவனிடம் கேட்பதற்கு எங்களிடம் ஒரு அட்டை இருந்தது. அதில் ஐந்து கேள்விகள். எந்த மைதானம், எத்தனையாவது கால்பகுதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், அப்படி. ஒரு பதில் பிழையானாலும் அன்றைக்கு அவனுடைய ஆட்டம் முடிந்தது. கோச் டெனிஷில் கேட்டார். ஜோனாஸ் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் ஏதோ சொன்னான். என்ன சொல்கிறான் என்றார் கோச். நீயே கேட்டுச் சொல் என்று அட்டையை என்னிடம் தந்தார்.

எட்டு வயதிலிருந்து நான் செய்து பழகிய வேலை இது. அம்மாவோடு டொக்டரிடம் போனால் அவர் சொன்னதைக் கொஞ்சம் சின்னதாக்கி அம்மாவுக்குச் சொல்வேன். அம்மா பயந்துவிடுவார் என்பதற்காக. இங்கே வளர்ந்த எங்களில் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அங்கே தமிழ் விளங்கக்கூடிய இன்னொரு ஆள் நரேஷ் மட்டும்தான். அவன் மைதானத்துக்குள் நின்றான். திரும்பிப் பார்த்து அதை உறுதிப்படுத்திக்கொண்டேன்.

“ஜோனாஸ், இது எந்த மைதானம்?”

“பள்ளிக்கூடம் விட்டாச்சோ அண்ணா?”

மைதானத்தின் பெயரை டெனிஷில் சொன்னேன்.

“இப்ப எத்தினையாவது கால்பகுதி?”

“அம்மா ஏன் இன்னும் வரேல்லை? எனக்குக் குளிருது.”

மூன்றாவது என்றேன். மற்ற மூன்றுக்கும் அப்படியே. ஐந்துக்கு ஐந்து. கடைசியில் அவன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்ட போவம் அண்ணா” என்றான். திரும்ப இறங்கட்டுமா என்று கேட்கிறான் என்றேன் கோச்சிடம். அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ஹெல்மெட்டை மாட்டி, நாடியில் வாரை நானே பூட்டினேன்.

அவன் இன்னும் மூன்று முறை ஓடினான். ஒன்பது, பதினான்கு, இருபத்திரண்டு. மூன்றாவதில் விழுந்தது பெரிய விழுகையே அல்ல. பயிற்சியில் தினமும் விழுவது மாதிரித்தான். எழும்பவில்லை. ஹெலிகொப்டர் வந்தபோதும் மழை விடவில்லை.

மூளை வீங்கிவிட்டது என்றார்கள். உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை, நடை இல்லை. சித்தி பதினாறு வருடமாக முதியோர் இல்லத்தில் மற்றவர்களுக்குச் சோறு ஊட்டியவர். இப்போது அதே கையால் மகனுக்கு ஊட்டுகிறார். ஆஸ்பத்திரியில் முதல் நாளே என்னிடம் கேட்டார்.

“அப்பு, நீதானே பக்கத்தில நிண்டனி. கடைசியா ஏதும் சொன்னவனே?”

“இல்லை சித்தி. ஒண்டும் சொல்லேல்லை. நல்லாத்தான் நிண்டவன்.”

அவன் தமிழில் அம்மாவைத் தேடினான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகு ஏன் இறக்கினாய் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். கழகத்தின் விசாரணைக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையிலும் ஐந்து பதிலும் சரி என்றுதான் இருக்கிறது. கீழே என் கையெழுத்து. அது பொய். இறக்கியது கோச் அல்ல, நான்.

நரேஷ் இப்போது விளையாடுவதில்லை. அன்று ஆஸ்பத்திரி நடையில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். “நீ சொன்னதுதான்டா சரி. அவன்தான்டா முக்கியம். வேற யாரும் இல்லடா” என்றான். ஒரு வருடச் சண்டை அதோடு தீர்ந்தது. அவன் ஒப்புக்கொண்டதைத் திகதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி தேவாலயத்தில் பூசைக்குப் போகிற நேரம் நான் ஜோனாஸோடு இருப்பேன். நூற்றுப் பதினாறு யார்ட், எங்கள் கழகத்தில் ஒரே ஆட்டத்தில் யாரும் அவ்வளவு ஓடவில்லை என்று அவன் காதுக்குள் சொல்வேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறான், கண்ணில் தண்ணீர் வருகிறது. எவ்வளவு பெருமையாக இருக்கும் அவனுக்கு.