உரிக்காத தாள்

பந்தலின் ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்து தலைமை வகிக்கும் ஆலை மேலாளர் ஸ்ரீதர் அவர்களே, விசாரணைக் குழுவின் சான்றோர்களே, முதல் ஷிஃப்ட் முடிந்தும் பேருந்தை நிறுத்திவைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே, தங்கைகளே, அனைவரையும் வணங்குகிறேன்.

சிறந்த பராமரிப்பாளர் என்று எனக்குக் கேடயம் தந்திருக்கிறீர்கள். எதற்காக? நம் ஒரகடம் ஆலையில் உதிரிப் பாகங்களைப் படமெடுத்துக் குறை காணும் அதிவேகக் கணினி, தினமும் பதினொரு மணிக்கு மேல் ஆமையாய் ஊர்ந்ததே, அதைச் சரிசெய்ததற்காக.

ஊர்ந்தபோது என்ன செய்தோம்? குழு அமைத்தோம். குழு என்ன செய்தது? கணினிக்கு ஏ.சி. வைத்தது. லைனில் நிற்கும் முந்நூறு பேருக்குக் கிடைக்காத குளிர் கணினிக்குக் கிடைத்தது. அப்போதும் ஊர்ந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயில் விபூதியைப் பூசினார்கள். குழுவின் மனம் குளிர்ந்தது, கணினி குளிரவில்லை. கடைசியில் குற்றவாளி அகப்பட்டார்: கணினி முன் உட்காரும் மெர்சி. ‘கை மெதுவு’ என்று மெமோ. இந்த மாதத்தோடு வேலை இல்லை.

அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கும் அந்தச் சேரப்பணஞ்சேரி மெர்சி என்னிடம் வந்தாள்.

“அக்கா, உள்ள படத்தையெல்லாம் சேத்து வைக்கிற எஸ்.எஸ்.டி. எண்பத்தாறு டிகிரின்னு காட்டுது. சூடு தாங்காம அதுவே வேகத்த கொறச்சிக்குது. ஆனா அது மேல மாட்டின அலுமினியத் தகட்ட தொட்டா ஜில்லுனு கீது.”

“ஏ.சி. காத்துடி. ஜில்லுனுதான் இருக்கும்.”

“சூட்ட இழுக்கத்தானக்கா அத மாட்டிக்கினு கீறோம்? அது சூடாவலன்னா இன்னா அர்த்தம்? கயட்டிப் பாக்கலாம் வா.”

கழற்றினோம். எஸ்.எஸ்.டி.க்கும் தகட்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்த மெத்தென்று ஒரு பட்டை. அதன்மேல், கடையிலிருந்து ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் பளபளவென்று அப்படியே இருந்தது.

உரிக்காமல் மாட்டியது யார்? கான்ட்ராக்ட்காரன் என்கிறீர்களா, பின்வரிசைத் தம்பி? இல்லை. நான். என் வீட்டு ஃபிரிட்ஜ் வாங்கி ஒன்பது வருடம். கதவுத் தாள் இன்னும் கதவில்தான். சிரிக்காதீர்கள் சுந்தராம்பாள் அக்கா, உங்கள் ஸ்கூட்டர் சீட்டையும் பார்த்திருக்கிறேன்.

தாளை உரித்தோம், கணினி ஓடியது. “ஓடுதுல்ல, ரிப்போர்ட்ல பராமரிப்புன்னு போட்டுடுங்க,” என்றார் மேலாளர். என் பிழைக்குக் கேடயம். அவள் கண்டுபிடிப்புக்கு மெமோ. பத்து நாள் நான் பேசவில்லை. ஒருவேளை அந்தத் தாளை என் வாயில் ஒட்டிக்கொண்டேனோ?

இதோ, இந்தக் கேடயத்துக்கும் ஒரு தாள். உங்கள் முன்னால் உரிக்கிறேன். மெர்சி, மேலே வா, இது உன்னுடையது. ஸ்ரீதர் ஐயா, மெமோவை ரத்து செய்யும் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருக்கிறேன். பேனா உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. நீங்கள் கையெழுத்திடும் வரை நான் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை, பேருந்து காத்திருக்கும்.

வெயிலில் பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.